பீங்கானில் கதிர்வீச்சு

வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, பீங்கானில் கதிர்வீச்சு இருப்பதாகக் கைத்தொலைபேசியில் ஒரு காணொளி பார்த்தேன். அன்றே நுரைச்சோலை ஊரில் எங்கள் வீட்டிலிருந்த பீங்கான் தட்டுகளையெல்லாம் பெட்டியில் கட்டி வெளியே வைத்துவிட்டு, பிளாஸ்டிக் தட்டில் சாப்பிடத் தொடங்கினேன்.

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கும் என் மூத்த சகோதரி, ராத்தா, விடுமுறைக்கு வந்தபோது, கதிர்வீச்சை அளக்கும் கருவியொன்றைக் கொண்டுவந்தார். பெட்டியிலிருந்த பீங்கானருகே அது இடைக்கிடை 'டிக்' என்றது. ராத்தா அதை முற்றத்து மண்ணருகே பிடித்தார். அங்கும் அதே சத்தம்.

"மண்ணுலயும் இருக்கா, ராத்தா?"

"ஓம். மண்ணாலதானே பீங்கான் செய்ற. நம்மட உடம்புலயும் கொஞ்சம் இருக்கு. இந்தளவு ஒண்டும் செய்யாது."

கருவியை வாங்கி என் வயிற்றருகே பிடித்தேன். நிதானமாக ஒரு 'டிக்'. உள்ளே பிள்ளை உதைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பகல் மீன் ஆணமும் சோறும் பீங்கானில்தான் சாப்பிட்டேன்.