கறுப்புத் திரையில் நான் காணாத கோடிச் சேலை

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

காணொளி நேரலை மென்பொருள் எல்லாக் கணினிகளிலும் இயங்கும் என்று அதன் விளம்பரங்கள் கூறுகின்றன. நானும் நம்பினேன். இலங்கையில் குருவிட்டவுக்கு மேலே, இறப்பர்த் தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வரிசை வீட்டில் தனித்து வாழும் எனக்கு, வெளிநாடு சென்ற மகன் விட்டுப்போன மடிக்கணினியே பேச்சுத்துணை. அதில் உள்ளது விண்டோஸ் அன்று. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம். புத்தகம் பார்த்து நானே பழகிக்கொண்டேன்.

திருமணமாகிச் சில காலத்தில் கணவனோடு இந்தியா சென்று கோத்தகிரியில் குடியேறிய என் ஒரே தங்கை அண்மையில் காலமானாள். கடவுச்சீட்டு இல்லாத நான் போக வழியில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தாமல் எங்கள் பெண்களின் உடலைத் தூக்குவதில்லை. அதைப் போர்த்த வேண்டியவன் அண்ணனாகிய நான். என் பெயரால் ஒரு சேலை வாங்கும்படி அவள் மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். சடங்கை அந்த மென்பொருளில் நேரலையாகக் காட்ட ஒருவரை அமர்த்தியிருப்பதாக அவன் சொன்னான்.

"அப்ப நான் பாத்த பொறகு கோடிய போடுங்க மாப்ள. எல்லாக் கம்ப்யூட்டர்லயும் வருமாம்" என்றேன்.

மறுநாள் முற்பகல் லயத்தார் அனைவரும் இறப்பர் மரங்களில் பால்வெட்டப் போயிருந்தனர். மருமகன் மின்னஞ்சலில் அனுப்பிய இணைப்பைத் திறந்தேன். விண்டோஸுக்கு மென்பொருள் இருந்தது, மாக் கணினிக்கும் இருந்தது, லினக்ஸுக்கு இல்லை. உலாவியிலேயே பார்க்கலாம் என்று கீழே ஒரு வரி. அதை அழுத்தினேன். பார்வையாளர் வரிசையில் என் பெயர் தோன்றியது. படம் வரவில்லை, ஒலியும் வரவில்லை. கணினியை அணைத்துத் திறந்தும் திரை கறுப்பாகவே கிடந்தது.

என் பழைய பொத்தான் கைபேசி ஒலித்தது.

"மாமா, உங்க பேரு இங்க தெரியுது. நாங்க தெரியுறோமா?"

"இல்லய்யா. கறுப்பாத்தான் கெடக்கு."

"எல்லாத்துலயும் வரும்னு சொன்னீங்களே!"

"வெளம்பரத்துல அவன் அப்படித்தான் போட்டிருந்தான்."

அவன் பின்னால் ஒரு மூதாட்டி அதட்டினாள்: "இன்னும் எம்புட்டு நேரம் போட்டு வச்சிருக்கப் போறீக? வெயில் ஏறுதுல்ல!"

மருமகன் சிரிக்க முயன்றான். "அம்மா இருந்தா என்ன சொல்லும் தெரியுமா மாமா? எங்கண்ணன் என் கல்யாணத்துக்கே தாலி கட்டுன பொறகுதான் வந்துச்சுன்னு சொல்லும்."

"பஸ்ஸு பழுதாயிருச்சுய்யா அன்னைக்கு."

"பரவால்ல. இன்னும் கொஞ்சம் பாருங்க. நீங்க சொல்லாம தூக்க மாட்டோம்."

முற்றம் நிறைய ஆட்கள் என் ஒரு சொல்லுக்காக வெயிலில் நின்றனர். என் எதிரே திரை மாறவில்லை.

"வேணாம்யா, போட்டுருங்க. என்ன நெறம்னு மட்டும் சொல்லு."

"அரக்கு, மாமா. பச்சக் கரை."

"மொகத்த மூடிராதீங்க. போன வைக்காத."

அவன் வைக்கவில்லை. சேலையை உதறும் ஓசை கேட்டது. பெண்கள் குரலெடுத்து அழுதனர். பிறகு, "நான் கொள்ளிச்சட்டி எடுக்கணும் மாமா" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தான். என்னோடு அழ லயத்தில் அப்போது எவரும் இல்லை.

நெடுநேரம் கழித்து, நேரலை நிறைவுற்றது என்ற அறிவிப்பு திரையில் வந்தது. அந்த எழுத்து மட்டும் என் கணினியில் பிழையின்றித் தெரிந்தது.

இக்குறிப்பைத் தயவுசெய்து உங்கள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வையுங்கள்.