தூங்குகிறார் என்று எழுதினேன்

1. மூன்று சொற்கள்

ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஓர் ஆஸ்பத்திரியில், ஆண்கள் சர்ஜிகல் வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வார்டுக்குத் தலைக்காயம் வராத வாரம் கிடையாது. கப்பலில் மூட்டை ஏற்றும்போது விழுந்தவர்கள், எண்ணூர் சாலையில் சைக்கிளோடு சாய்ந்தவர்கள், படகு இழுக்கும்போது கட்டை தெறித்து அடிபட்டவர்கள் எல்லாரும் வருவார்கள்.

இன்றைக்குப் போல மண்டைக்குள் படம் எடுத்துப் பார்க்கும் இயந்திரம் அப்போது இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும். உள்ளே எவ்வளவு அடி என்பதை ஆளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அரை மணிக்கொரு முறை பல்ஸ் பார்த்து, டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்து, நினைவு எப்படி இருக்கிறது என்று சார்ட்டில் ஒரு சொல் எழுதுவோம். பேசிக்கொண்டிருந்தால் கான்ஷியஸ். மந்தமாக இருந்தால் ஸ்டூப்பர். எதற்கும் அசையாவிட்டால் கோமா. இந்த மூன்று சொற்களை வைத்துத்தான் இலேசான கேஸ், மோசமான கேஸ் என்று பிரித்தோம். நான் ஸ்டூப்பர் என்று எழுதியதை அடுத்த டியூட்டிக்காரி கோமா என்று எழுதுவாள். அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

2. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்

ஒரு நாள் காலை எட்டரை மணிக்குத் துறைமுகத்திலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். கிரேனில் தொங்கிய மூட்டைக் கட்டு அவிழ்ந்து அவர்கள் மேல் விழுந்திருந்தது. ஏசுதாஸ் என்பவருக்கு உச்சந்தலை கிழிந்து, இடுப்பு வரை ரத்தம். அவர் போட்ட கூச்சலில் வார்டே அவரைச் சூழ்ந்துகொண்டது. நானும் ஓடினேன்.

மற்றவர் மாணிக்கம். வலது காதுக்கு மேலே ஒரு வீக்கம், ரத்தமே இல்லை. பெஞ்சில் தானாகவே போய் உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு ஒண்ணியும் இல்ல நர்ஸம்மா. அவன மொதல்ல பாரு. நான் வூட்டுக்குப் போறேன்” என்றார்.

விழுந்தவுடன் இரண்டு நிமிஷம் அவர் மயங்கிக் கிடந்ததாகக் கூட வந்த ஆட்கள் சொன்னார்கள். மயங்கினவரை ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால் மட்டுமே அவருக்குப் படுக்கை கொடுத்தோம். அவர் சார்ட்டில் இலேசான கேஸ் என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு மணி வரைக்கும் நன்றாகப் பேசினார். பிறகு தலைவலி என்றார், ஒருமுறை வாந்தி எடுத்தார். ஒரு மணிக்கு நான் போனபோது கண்ணை மூடிப் படுத்திருந்தார். இவ்வளவு நேரம் வலியில் தவித்தவர், பாவம், தூங்கட்டும் என்று நினைத்தேன். பல்ஸையும் பார்க்கவில்லை, டார்ச்சும் அடிக்கவில்லை. சார்ட்டில் ‘தூங்குகிறார்’ என்று எழுதினேன். ஒன்றரைக்கும் அதையே எழுதினேன். இரண்டுக்கும் அதையே எழுதினேன்.

இரண்டே காலுக்கு அவர் மனைவி கன்னியம்மா வந்தார். மீன் வியாபாரம் செய்பவர். கூடையை வாசலில் போட்டுவிட்டு, விஷயம் கேள்விப்பட்ட ஓட்டத்தில் வந்திருந்தார். கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நன்றாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று நான் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது தூக்கம் இல்ல நர்ஸம்மா. பதினோரு வருசமா பக்கத்துல படுத்துகினு கீறேன். அது ஒரு நாளும் கொறட்ட வுட்டதில்ல.”

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அயர்ந்து தூங்குகிறார் என்று அதை வைத்தே நான் திருப்திப்பட்டிருக்கிறேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. தோளைக் கிள்ளினேன். வலது கை வந்து என் விரலைத் தள்ளியது. இடது கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. டார்ச் அடித்தால் வலது கண்மணி இடதைவிடப் பெரிதாக விரிந்திருந்தது. எழுபதுக்கு மேல் இருக்க வேண்டிய பல்ஸ் ஐம்பத்திரண்டு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். மாறவில்லை.

எங்கள் வார்டு சர்ஜன் டாக்டர் ஹமீது அவுட்பேஷன்ட் அறையில் இருந்தார். ஓடிப்போய், காலையில் வந்த கேஸ் ஸ்டூப்பராகிவிட்டது என்றேன்.

“ஸ்டூப்பர்னா நீங்க எதைச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆள் என்ன பண்றான், அதைச் சொல்லுங்க” என்றார்.

பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். கண்மணி என்றதுமே அவர் எழுந்துவிட்டார். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன் கன்னியம்மாவிடம் ஒளிக்காமல் பேசினார்: மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது, திறந்தாலும் உறுதி சொல்ல முடியாது, திறக்காவிட்டால் சாயங்காலம் வரை தாங்காது. கன்னியம்மா கைநாட்டு வைத்தார்.

வீக்கத்துக்கு நேரே எலும்பில் துளை போட்டதும் கறுத்த ரத்தக்கட்டி வெளியே வந்தது. துணி கட்டி முடிப்பதற்குள் வலது கண்மணி சுருங்கத் தொடங்கியதை நானே பார்த்தேன். அந்த இடத்தில் அழக்கூடாது என்பதற்காகக் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

3. மறதியின் கணக்கு

ஏசுதாஸ் பதினான்கு தையலோடு ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். மூட்டை விழுந்தது, வண்டியில் வந்தது, ஊசி குத்தியது எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. மாணிக்கத்துக்கு நினைவு தெளிய மூன்று நாள் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்து என்னோடு பேசியதே அவருக்குத் தெரியவில்லை.

“அப்டியா சொன்னேன்?” என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே ஓடின ரத்தத்தை வைத்து அளக்காதீர்கள், ஆள் எவ்வளவு நேரத்தை மறந்திருக்கிறான் என்று கேளுங்கள், அடி எவ்வளவு பலம் என்று அதுவும் சொல்லும் என்றார் டாக்டர்.

நான் என் சார்ட்டை எடுத்துப்போய் அவர் மேஜையில் வைத்தேன். மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன். மூன்று ‘தூங்குகிறார்’களையும் படித்தார்.

“எழுதினது தப்பில்ல. எழுப்பிப் பார்க்காம எழுதினதுதான் தப்பு” என்றார்.

அடுத்த வாரம் நானும் வார்டு சிஸ்டரும் ஸ்கேலை வைத்துப் புதிய சார்ட் ஒன்று கோடு போட்டோம். கண் தானாகத் திறக்கிறதா, கூப்பிட்டால் திறக்கிறதா, கிள்ளினால்தானா? கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா, உளறுகிறாரா? எந்தக் கை அசைகிறது? ஸ்டூப்பர் என்ற சொல்லுக்கு அதில் இடமே வைக்கவில்லை. இத்தனை எழுத நேரம் ஏது என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. யார் டியூட்டிக்கு வந்தாலும் ஒரே மாதிரி எழுதினோம். நான் ஓய்வு பெறும் காலத்தில் இதே கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டு அச்சடித்த அட்டவணை வந்தது. எனக்கு அதில் புதிதாகப் படிக்க அதிகமில்லை.

இப்போது வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: தலையில் அடிபட்டவர் தூங்கினால் எழுப்புங்கள். திட்டுவார்கள். திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர், ஒரு பகல் முழுக்க அரை மணிக்கொரு முறை என்னைத் திட்டினார். அன்றைய சார்ட்டில் நான் எழுதியது: “கூப்பிட்டதும் கண் திறந்தார். திட்டினார். வார்த்தை தெளிவாக இருக்கிறது.”