தையல்கார அக்காவின் இன்வெர்ட்டர்

சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் பார்த்தே இராத ஒரு சர்வர் கணினியைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. அது எங்கோ வெளிநாட்டில், பூட்டிய அறையில் இருக்கிறது. பக்கத்தில் போய் அதன் திரையைப் பார்க்க எனக்கு ஆள் கிடையாது. இங்கிருந்து போகும் இணைப்பு வழியாகத்தான் எல்லா வேலையும்.

அதன் இயங்குதளம் பழசாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார் மேலாளர். "ஊர்லயே இருந்து பாருங்க. ஆனா ஏதாவது சொதப்பிச்சுன்னா சென்னைக்கு வந்துடணும்" என்றும் சேர்த்துக்கொண்டார். அப்பா பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் ஊட்டினால்தான் ஒரு வாய் கஞ்சி இறங்கும். அவரை விட்டுவிட்டு எங்கே போக?

அலுவலகம் விடுமுறையான ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். பேப்பரைப் பிரித்திருந்தால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை மின்தடை என்று தெரிந்திருக்கும். பெரிய வேலை பார்க்கிற மிதப்பில் பிரிக்கவில்லை.

பாதியில் சர்வர் ஒரு கேள்வி கேட்டது: பழைய அமைப்புகளை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? அவசரத்தில் புதியதைத் தட்டிவிட்டேன். சந்தேகம் வந்து, திரையில் இன்னொரு ஜன்னல் திறந்து சர்வருக்குள் நுழைந்து பார்த்தால் உள்ளே விடவில்லை. எனக்கிருந்த அனுமதியை நானே அழித்திருந்தேன். ஏற்கெனவே திறந்திருந்த ஒரு இணைப்புதான் மிச்சம். அது அறுந்தால் கதை கந்தல்.

சரியாக அப்போது கரண்ட் போனது.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் தெருவுக்கே இணையம் தரும் கேபிள் பெட்டி, நாலு வீடு தள்ளி, தையல்கார அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது அவர் இன்வெர்ட்டரில்தான் அது ஓடும். தையல் மோட்டாரும் ஃபேனும் சேர்ந்து ஓடினால் அந்தப் பழைய பேட்டரி அரை மணி தாங்காது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மறுநாள் கல்யாணத்துக்கான ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்க, அக்கா தைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் பொட்டி அணைஞ்சா போச்சு. அப்பாவ விட்டுட்டு நான் சென்னைக்குப் போவணும்."

"அதுக்கு ஏன் இப்படிப் பதறுத? போ, நான் பாத்துக்கிடுதேன்."

தவறைக் கண்டுபிடித்துத் திருத்த ஒரு மணி நேரம், மிச்ச வேலை முடிய இன்னொரு மணி. இணைப்பு ஒரு தடவைகூடத் திணறவில்லை. கடைசியில் சர்வரை அணைத்து எழுப்பிவிட்டு, அது வருகிறதா என்று காத்திருந்த நாலு நிமிடத்தில் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். வந்தது. புது ஜன்னலில் நுழைந்தேன், விட்டது. அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியாமல் கோணல் வாயோடு சிரித்தார். கஞ்சி ஊட்டிவிட்டு அவர் பக்கத்திலேயே தூங்கிப்போனேன்.

நாலு மணிக்கு எழுந்து, கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு அக்காவுக்கு நன்றி சொல்லப் போனேன். வீட்டில் ஃபேன் ஓடவில்லை. மோட்டார் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் வியர்வை, கணுக்கால் வீங்கியிருந்தது. கேபிள் பெட்டியில் மட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டார்: "முடிஞ்சிட்டா தம்பி? ஃபேனப் போட்டுக்கிடட்டுமா?"

என் வேலை முடிந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நானே போய் ஸ்விட்சைப் போட்டேன்.