நடுங்காத கோடு

ஒன்றரை ஆண்டு காலம் ஒரு செயலி செய்த வேலையை என் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டியதும் கோடு தானாகக் கனிந்துவிடுகிறது என்று ஒரு கூட்டத்தில் பேசவும் செய்தேன். கைதட்டினார்கள். அதில்தான் மொத்தமாகக் கெட்டேன்.

கதைகளுக்குப் படம் போடுவது என் பிழைப்பு. முதலில் காகிதத்தில் பென்சிலால் கிறுக்குவேன். அதைப் போனில் படமெடுத்து டேப்லெட்டில் ஏற்றி, அதன் மேல் இறுதிக் கோட்டை இழுப்பேன். கோட்டின் நடுக்கத்தைத் தானே சரிசெய்யும் வசதி ஒன்று அந்தச் செயலியில் உண்டு. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் வரையும்போது பெட்டி ஆடுகிறதே என்று அதைக் கொஞ்சம் கூட்டினேன். பிறகு இன்னும் கொஞ்சம். வீட்டு மேசையில் வரையும்போதும் குறைக்கவில்லை. வீடும் ஆடுகிறதா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை, பாதுகாப்பு வாரத்துக்கு அழைத்தது. கையுறை போட்ட கை ஒன்றைத் தொழிலாளர்கள் முன்னால் வரைந்து காட்ட வேண்டும். டேப்லெட்டைப் பெரிய திரையில் இணைத்து அசத்திவிடுவதாகத் திட்டம். கேட்டில் காவலாளி மறித்தார்.

"போனு, டேப்பு எதுவும் உள்ள வுட மாட்டாங்க சார். இங்க வெச்சிட்டுப் போங்க."

"அப்புறம் எதை வெச்சு வரையறது?"

"கை கீதுல்ல?"

கை இருந்தது. வெள்ளைப் பலகையும் மார்க்கரும் கொடுத்தார்கள். கட்டை விரலில் ஆரம்பித்தேன். ஈர மணலில் நண்டு நடந்த தடம்போல வந்தது கோடு. அதன் மேலேயே இன்னொரு முறை இழுத்தேன். இரண்டு நண்டுகள்.

"அண்ணே, விரலு இன்னா கரண்ட் அடிச்சா மாதிரி கீது?" என்றது பின்வரிசை.

பாதுகாப்பு அதிகாரி பதறி எழுந்தார். "கையுறை போடாதவன் கை இப்படித்தான் ஆகும்னு சார் காட்டறார்!" மறுபடியும் கைதட்டல்.

பென்சிலில் கிறுக்கும்போது எல்லாக் கோடுகளும் ஆடும், அதனால் தெரியவில்லை. மீதியைச் செயலி மறைத்துவிட்டது. என் கையால் ஒரு கோடு போட்டு எவ்வளவு நாளாயிற்றென்று எனக்கே தெரியாது. டாக்டர் பின்னால் அந்த நடுக்கத்துக்கு ஒரு பெயர் சொன்னார். மருந்தைப் பற்றிக் கேட்டபோது ஜன்னலைப் பார்த்தார். இனி கூடுமாம், குறையாதாம். செயலியில் நடுக்கத்தைச் சரிசெய்யும் அளவு நூறோடு முடிகிறது. நான் தொண்ணூறில் இருக்கிறேன்.

அன்று டேப்லெட்டைத் திரும்ப வாங்க, கேட்டில் கையெழுத்துப் போட்டேன். காவலாளி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"எனுக்கும் இப்டித்தான் சார் ஆடும். அதான் மிஷின்லருந்து எடுத்து கேட்டுல போட்டாங்க. ஆடுற கையோட கேட்டு தொறந்துடலாம்." டேப்லெட்டை என் கையில் வைத்துவிட்டு, அது விழாது என்று உறுதியான பிறகே விட்டார். "படம் போடறவங்களுக்கு இந்த மாதிரி எதுனா கேட்டு வெச்சிக்கீறாங்களா சார்?"