தோலோடு போகிற புள்ளி

விக்டோரியாவுக்கு அருவருப்பு வந்தால் முதலில் மேலுதடு சுருங்கும், அப்புறம் மூக்கு. அப்போதும் எதிராளிக்கு உறைக்கவில்லை என்றால் வாயைத் திறப்பாள், திறந்த வாய் லேசில் மூடாது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரன் ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டால் போதும், அவன் இறங்குகிற வரைக்கும் வசவுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் சோற்றில் ஒரு முடி கிடந்தால் பொண்ணு மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்துவிடுவாள். விசைப்படகில் டிரைவராக இருக்கும் அவள் புருஷன் ரோச் கடலிலிருந்து திரும்பினால், வாசல் குழாயடியில் குளித்து முடித்தபிறகுதான் வீட்டுக்குள் கால் வைக்கலாம்.

இப்படிப்பட்டவளுக்கு இறால் கம்பெனியில் வேலை. அந்தப் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், கம்பெனிக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் இறால் தலைகள் வெயிலில் ஊறி, மஞ்சளாக நுரைத்து, ஈ மொய்த்துக் கிடக்கும். அந்த நாற்றம் துணியோடு வீட்டுக்கு வரும், சோப்புக்கு அடங்காது. விக்டோரியா மட்டும் அதைப் பொறுத்துக்கொண்டாள். வேலை நாற்றம் வேறு, ஆள் நாற்றம் வேறு என்பாள். சொல்லப்போனால் அவளுடைய அருவருப்புதான் அவளை அங்கே இறால் தரம் பிரிக்கிற மேசைக்குத் தலைவி ஆக்கியது. ஐஸ் போடப் பிந்திப்போன இறாலில் கணுக்கணுவாகக் கரும்புள்ளி விழும். குவியலில் எங்கே கிடந்தாலும் அவள் கண் அதில் போய்க் குத்தும். பார்த்த மாத்திரத்தில் விரலால் தள்ளிவிடுவாள்.

தள்ளியதையெல்லாம் கொட்டிவிட மாட்டார்கள். கறுப்பு மேலே மட்டும்தான் என்றால் உரித்து வேறு பெட்டியில் போடுவார்கள். புதிதாக வந்த பெண்கள் அதைத் தொடக் கூசினால் விக்டோரியா சொல்வாள்: "புள்ளி தோலோட போயிரும். உரி ளா." உரித்தால் உள்ளே சதை பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். இறாலுக்கு ஓடு என்று அந்த மேசையில் யாரும் சொல்வதில்லை. இறாலுக்கும் தோல்தான், மனுஷிக்கும் தோல்தான். பின்னால் வந்த வினையெல்லாம் இந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது.

போன வருஷம் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தி, குளிக்கும்போது குதிகாலைக் கல்லில் தேய்த்தவள், அங்கே ஒரு கறுப்பைப் பார்த்தாள். எள்ளைவிடப் பெரிசு, பயறைவிடச் சிறிசு. ஓரம் ஒழுங்காக இல்லாமல் மை கசிந்தது போல ஒரு பக்கம் இழுத்திருந்தது. நாள் முழுக்க ஈர ரப்பர் கம்பூட்ஸுக்குள் நிற்கிற கால், அதன் சாயமாக இருக்கும் என்று நினைத்தாள். தேய்த்தாள், போகவில்லை. மேலுதடு சுருங்கியது. ஊரிலுள்ள அசிங்கத்தையெல்லாம் தள்ளிவிட்டவளுக்குத் தன் உடம்பிலேயே தள்ள வேண்டிய ஒன்று கிடப்பது தாங்கவில்லை. காலை வெந்நீரில் ஊறவைத்து, புது பிளேடு வாங்கி, பூப்போலச் சுரண்டி எடுத்தாள். கீழே வெள்ளையாக வந்தது. அவளுக்கு அவ்வளவு திருப்தி.

அடுத்த நாள் உடுப்பு மாற்றுகிற அறையில், பக்கத்து மேசை செண்பகம் அந்தக் குதிகாலைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு உடன்குடிப் பக்கம். கட்டிக்கொடுத்துத் தூத்துக்குடிக்கு வந்தவள், விக்டோரியா சொன்னால் வேதவாக்கு என்று இருப்பவள்.

"எனக்கும் ஒண்ணு கெடக்கு யக்கா, இங்கன பாருங்க" என்று தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். பெருவிரலுக்குக் கீழே, கறுப்பாக, மிளகளவு.

"ச்சீ, இதைப் போயி வச்சிக்கிட்டு இருக்கியே" என்றாள் விக்டோரியா. மறுநாளே வெந்நீரும் பிளேடுமாக உட்கார்ந்து அதையும் எடுத்துவிட்டாள். எடுத்ததை வாஷ்பேசினில் தட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். செண்பகத்துக்கு அது திரும்ப வரவில்லை.

விக்டோரியாவுக்கு வந்தது. முன்னைவிட அகலமாக வந்தது. அவள் திரும்பவும் சுரண்டினாள். அது திரும்பவும் வந்தது. பிடிவாதத்தில் அவளும் அதுவும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நடுவில் புண் வெடித்து நீர் கசிய ஆரம்பித்தது. சாக்ஸ் ஒட்டிக்கொண்டு பிய்க்கும்போது உயிர் போனது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. அசிங்கத்தைக் கண்டுபிடிக்கிறவளிடமே அசிங்கம் என்றால் மேசையில் எப்படி நிற்பாள்? பவுடரைக் கொட்டி, துணியைச் சுற்றி, கம்பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு போனாள். சொல்லவே குமட்டுகிறது, அவள் அப்படித்தான் இரண்டு மாதம் ஓட்டினாள்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த ரோச் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் மோந்து பார்த்தான்.

"என்னமோ செத்துக் கெடக்கு. எலியா?"

அவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அவன் கட்டிலுக்குக் கீழே தேடினான், அடுப்படியில் தேடினான். கடைசியில் அவள் முன்னால் வந்து குனிந்தான்.

"ஏளா, ஒன் காலு."

பெரிய ஆஸ்பத்திரித் தோல் ஓ.பி.யில் அன்றைக்கு நல்ல கூட்டம். படர்தாமரைக்காரன் பெஞ்சில் உட்கார்ந்து சொறிந்துகொண்டே இருந்தான், செதில் செதிலாகத் தரையில் விழுந்தது. விக்டோரியா பெஞ்சைத் தொடாமல் ஒற்றைக்காலில் நின்றாள். அந்த வரிசையிலேயே மோசமான நாற்றம் தன்னுடையது என்பது நினைவு வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் ஜெயஷீலாவுக்கு நாசரேத். சின்ன வயசு, சத்தம் குறைவு. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, விக்டோரியாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விக்டோரியா வெடுக்கென்று இழுத்தாள்.

"வேண்டாம் டாக்டரம்மா. அசிங்கம்."

"சும்மா வைங்கம்மா. இது லென்ஸு. வெட்டாது, குத்தாது, பாக்க மட்டும் செய்யும்."

செல்போனில் மாட்டியிருந்த வெளிச்சக் கண்ணாடி அது. டெர்மோஸ்கோப் என்றாள். பசை போல ஒன்றைத் தடவி அதைக் குதிகாலில் ஒற்றி எடுத்தாள். படம் மேசைமேல் இருந்த திரையில் விழுந்தது. தன் பாதத்தை அத்தனை பெரிதாக விக்டோரியா பார்த்ததில்லை. சிவப்பும் சீழும் பொருக்குமாக, மீன் கழுவிய இடம் போல இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதை என்ன செஞ்சீங்க?" என்றாள் டாக்டர்.

"ஒண்ணும் செய்யலயே."

"சுரண்டினா டாக்டரம்மா" என்றான் ரோச். "நம்ம வீட்டு பிளேடெல்லாம் எங்க போவுதுன்னு இப்பத்தான் தெரியுது."

டாக்டர் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அப்புறம் திரையில் விரல் வைத்துக் காட்டினாள். "கைரேகை மாதிரி உள்ளங்கால்லயும் ரேகை உண்டு. உப்பளத்துப் பாத்தி மாதிரி வரப்பும் பள்ளமுமா இருக்கும். சாதாரண மச்சம்னா கறுப்பு பெரும்பாலும் பள்ளத்துல ஓடும். வரப்பு மேல ஏறி நின்னா விடக்கூடாது. அதைப் பாக்கத்தான் இந்த லென்ஸ். ஆனா நீங்க வரப்பையும் பள்ளத்தையும் சேத்துச் செதுக்கிட்டீங்க. நடுவுல எனக்கு ஒண்ணும் தெரியல."

"வேற பெரிய மிஷின் இருக்குமே, வெட்டாம உள்ள பாக்கிறது" என்றான் ரோச்.

"இருக்கு. பெரிய ஊருல இருக்கு. தோலுக்குள்ள செல்லு செல்லாப் பாக்கும். ஆனா உள்ளங்கால் தோல் தடிமன், அதுக்குள்ள சரியாப் போகாது. எந்த மிஷினா இருந்தாலும் நீங்க மிச்சம் வச்சதைத்தான் பாக்க முடியும்."

மிச்சம் ஒரு ஓரத்தில் இருந்தது. பிளேடு எட்டாத நகக்கண் அகல இடம். அங்கே கறுப்பு வரப்புமேல்தான் ஏறி நின்றது. அந்த இடத்தைப் பார்த்துக் கொஞ்சம் சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது, மெலனோமா. குதிகாலில் நல்ல சதையும் சேர்த்து ஒரு வட்டம் எடுத்துவிட்டுத் தொடைத்தோலை வைத்துத் தைத்தார்கள். தொடையிடுக்கு நெறிக்கட்டியில் பரவின அடையாளம் இல்லை. ஆனால் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று டாக்டரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அளக்க வேண்டிய மேல்பகுதி பிளேடோடு போய்விட்டது.

வார்டில் படுத்துக் கிடந்தபோதுதான் விக்டோரியாவுக்கு அந்தப் பெருவிரல் நினைவு வந்தது. வந்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ரோச்சை விட்டு போன் போட்டு செண்பகத்தை உடனே வரச்சொன்னாள். அவள் ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக, நோயாளியைப் பார்க்க வருகிற சிரிப்போடு வந்தாள்.

"காலைக் காட்டு ளா" என்றாள் விக்டோரியா.

செண்பகம் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். பெருவிரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. விக்டோரியா விரலால் தடவிப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். குவியலுக்குள் புள்ளியைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவளை விடாமல் கீழே ஓ.பி.க்கு அனுப்பினாள். கூடவே ரோச்சைச் சக்கர நாற்காலியைத் தள்ளச்சொல்லித் தானும் போனாள்.

டாக்டர் லென்ஸை வைத்தாள். திரையில் வரப்பும் பள்ளமுமாக வெளுத்த ரேகைகள் ஓடின. நிறமே இல்லை. டாக்டர் இரண்டு தடவை பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல, இல்லியா டாக்டரம்மா?" என்றாள் செண்பகம்.

"ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லலம்மா. பாக்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுதேன்." டாக்டர் விக்டோரியாவைப் பார்த்தாள். "எடுத்தது எங்க?"

"தண்ணில விட்டுட்டேன்."

"அது வெறும் மச்சமாவும் இருந்திருக்கலாம். உங்களுக்கு வந்த இதாவும் இருந்திருக்கலாம். இனி எந்த லென்ஸும் அதைச் சொல்லாது. விடாம வந்து காட்டணும். கறுப்பு தெரிஞ்சா ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

செண்பகம் தலையாட்டினாள். அவளுக்குப் பாதிதான் புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. வெளியே வந்ததும் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த டாக்டரு சும்மா பயங்காட்டுது. நீங்க எவ்வளவு சுத்தமா எடுத்து விட்டிய யக்கா, தடமே இல்ல. வலிக்கக்கூட இல்லியே."

விக்டோரியா பிளேடு பிடித்த தன் கையைப் பார்த்தாள். வார்டுக்குத் திரும்பியபோது மத்தியானச் சோறு வந்திருந்தது. ரோச் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். அவள் கழுவினாள், சோப்பு கேட்டு மறுபடியும் கழுவினாள். அப்புறமும் அந்தக் கையைச் சோற்றில் வைக்க அவளுக்கு முடியவில்லை. கரண்டி இருக்கிறதா என்று பக்கத்துக் கட்டிலில் கேட்டு வரச்சொன்னாள்.