சத்தம் போடாத அபாயமணி

தீப்பிடிக்காத இடத்துக்குப் போய், "இங்கே எங்கே தீப்பிடிக்கும்?" என்று கேட்பதுதான் என் தொழில். போர்ட் பிளேயரில் எந்த வீட்டுக்கு, எந்தக் கடைக்கு எந்தத் தீ உணர்கருவி பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது நான். மாட்டுவது அந்தோணி அண்ணன். கல்லூரியில் பதில் தெரிந்தும் கை தூக்காதவள் நான். முன்பின் தெரியாத வாசலில் நின்று பேச்சை ஆரம்பிக்கும் வேலை பார்ப்பவரா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

போணி நேரம்

அபர்டீன் பஜாரில் காதர் பாயின் துணிக்கடை. மழை விட்ட காலை. தொங்கும் சேலைகளுக்குள் ஈர வெளிச்சம் புகுந்து, கடையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. என் கேள்வியைக் கேட்டேன். "அரே, போணியே ஆகல, அதுக்குள்ள கடைக்குத் தீ வைக்கிறியேம்மா!" என்றார் பாய். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அவரே என்னை மரப்படியேற்றி மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர் தம்பி சலீம் தைத்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தைப்பதும் தூங்குவதும் அங்கேதான். இறங்க அந்த ஒரு படிதான். கீழே துணி பற்றினால் புகை ஏறிவருவதும் அதே வழிதான். பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடை போனாப் போகுதும்மா. கதவை உடைச்சாலும் இவனுக்குக் கேக்காது. இவனை எழுப்ப ஏதாச்சும் இருக்கா?"

இஸ்திரி ஆவி

இருந்தது. தலையணைக்கு அடியில் வைக்கும் வட்டத் தகடு. கருவி ஆபத்தைக் கண்டால் தகடு குலுங்கும். கீழே ஒன்று, மாடியில் ஒன்று என இரண்டு புகைக் கருவிகளை எழுதிக்கொண்டேன். கூட வந்திருந்த அந்தோணி அண்ணன் மாடி மூலையில் ஆவி கக்கிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைக் காட்டினார். மாடிக்கு மட்டும் சூட்டைக் கண்டுபிடிக்கும் கருவி என்று மாற்றினேன். "அந்த ஆவியப் புகைன்னு நெனச்சு தினம் பத்து தடவை குலுங்கும் தங்கச்சி. பதினோராவது தடவை மனுஷன் அதைக் கழட்டி ஜன்னல் வழியா எறிஞ்சுருவாரு!" என்றார் அண்ணன்.

இருட்டறை

சலீமுக்கு நான்தான் விளக்கினேன். கீழே மாட்டும் புகைக் கருவிக்குள் ஒரு குட்டி இருட்டறை இருக்கிறது, அதில் ஓர் ஒளி ஓடிக்கொண்டே இருக்கிறது, புகை நுழைந்தால் ஒளி சிதறும், அதைப் பார்த்து அது விழித்துக்கொள்ளும் என்றேன். ஜன்னல் வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது; அதைக் காட்டி, இப்படித்தான் என்றேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் சத்தமாகப் பேசச் சொல்வார்கள் என்னை. இவரோ கறுப்பு லைனிங் துணியில் தையல் சாக்பீஸால் எழுதினார்: "எல்லாரும் எங்கிட்ட கத்துறாங்க. கத்தினா வாய் கோணிடுது. உங்க பேச்சுதான் தெளிவா இருக்கு."

உறை

மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குப் போனோம். அந்தோணி அண்ணன் கீழே கருவியின் பக்கம் சோதனைப் புகையை அடித்தார். மாடியில் சலீம் தலையணை மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார், தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல. தகடு அசையவில்லை. "இன்னொரு தடவை அடிங்கண்ணே!" என்று நான் கத்தினேன். என் குரலா என்று எனக்கே ஆச்சரியம். அசையவில்லை.

சலீமும் நானும் இறங்கிவந்து ஏணி போட்டுப் பார்த்தோம். கருவியின் மேல், கீழிருந்து பார்த்தால் தெரியாத அளவு இறுக்கமாக, ஒரு பிளாஸ்டிக் உறை. "மாட்டின அன்னைக்கே நாந்தான் மூடினேன். உப்புக் காத்துல எல்லாம் துரு ஏறிடுதேம்மா. கெட்டுப்போனா மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல் வரணும்" என்றார் பாய், பெருமையாக. அவர் கடையில் கால்குலேட்டரும் ரிமோட்டும்கூட உறைக்குள்தான். மூடினால் புகை உள்ளே போகாது பாய், மூன்று மாதமாகக் கீழே தீ வந்தால் உங்கள் தம்பியை எழுப்ப ஒன்றுமே இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவருக்கு முன்பே சலீமுக்குப் புரிந்துவிட்டது.

சலீமே ஏணியில் ஏறி உறையைப் பிய்த்தார். பாய் மாடிக்கு ஓடித் தலையணையில் கை வைத்தார். அந்தோணி அண்ணன் கீழே மறுபடி புகையை அடிக்க, இந்த முறை அது குலுங்கியது. குலுக்கம் நின்ற பிறகும் பாய் கையை எடுக்கவில்லை. எனக்குப் பின்னாலேயே ஏறிவந்த சலீம் சாக்பீஸை எடுத்து எழுதி, அண்ணன் முகத்துக்கு நேரே துணியைப் பிடித்தார்: "சாமான் கெட்டா அடுத்த கப்பல்ல வேற வரும். நான்?"

தீயை அலட்சியம் செய்பவர்களைக்கூட எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். கருவியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவர்களை நினைத்தால்தான் இந்தத் தொழிலில் எனக்குப் பகீரென்கிறது.