சிவப்பு வட்டமிட்ட பஸ் தரிப்பிடம்

யுத்த காலத்தில், கட்டைபறிச்சானிலிருந்து எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியைக்குத் திருகோணமலை பஸ் தரிப்பிடங்கள் தெரியாது. அவருக்காக ஒரு தாளில் வழியை வரைந்தேன். இராணுவ முகாமடியிலும் பஸ் நிற்கும். விடைத்தாள் திருத்துகிற பழக்கதோஷத்தில், மற்றத் தரிப்பிடங்களைப் போல அதையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன்.

மறுநாள் காலை, சோதனைச் சாவடியில் சிப்பாய் என் கைப்பையிலிருந்த தாளை விரித்தார்.

"காம்ப் ஏன் கீறினது?"

பின்னால் நின்ற எங்கள் பஸ் கொண்டக்டர் தாளை எட்டிப் பார்த்து, "சேர், ரீச்சர் பஸ் நிக்கிற இடங்களைத்தான் கீறியிருக்கிறா. கேளுங்கோ," என்று, பஸ்ஸில் கூவுவது போலவே, முகாமடியையும் சேர்த்துத் தரிப்பிடங்களை வரிசையாகக் கூவினார். சிப்பாய் சிரித்துவிட்டார். தாளைக் கிழித்தார்; என்னைப் போகவிட்டார்.

இன்று கைபேசியே வழி காட்டுகிறது. ஆனாலும் யாராவது வழி கேட்டால் நான் பேனையைத் தொடுவதில்லை. அந்தக் கொண்டக்டரைப் போல வாயால்தான் சொல்கிறேன்.